மூத்தவளின் பெயர்

பெயர் எப்படி வந்தது என்று எழுதும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ தெரியவில்லை. அமெரிக்காவில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலேஜுக்கு விண்ணப்பிக்கிற வருஷம் வந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு விண்ணப்பத்தோடு அனுப்பத் தன் பெயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்துவிடும். டீச்சர் வாயில் நுழையாத பெயர், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வகுப்பே சிரித்த கதை, அப்புறம் ஒருநாள் அர்த்தம் தெரிந்து தலை நிமிர்ந்த கதை. எல்லாம் ஒரே அச்சுதான். டெக்சாஸில், இவர்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கில் மட்டும் அந்த வருஷம் இந்த வகையில் நாற்பது கட்டுரையாவது போயிருக்கும். மற்ற வீடுகளில் அதைப் படித்துவிட்டு அப்பா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வேலுமணி வீட்டில் நடந்தது வேறு.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம். அவன் மனைவி புஷ்பவல்லி அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, சனிக்கிழமையானால் அவளுக்கு அரிசிம்பருப்புதான். மகள் தென்றல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சமையல் மேடைக்கு எதிரே இருந்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பதினேழு வயது. ஒரே பிள்ளை.

"அம்மா, எஸ்ஸே முடிச்சிட்டேன். ஸ்கூல் கவுன்சிலர் சூப்பர்னு சொல்லிட்டாங்க. படிக்கட்டா?"

"படி கண்ணு."

இங்கிலீஷில்தான் எழுதியிருந்தாள். நல்ல பிள்ளை, நன்றாகவே எழுதியிருந்தாள். தெற்கிலிருந்து வரும் இளங்காற்றுக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் உண்டு என்று தொடங்கினாள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். காற்று வரும் திசையைப் பார்த்துப் பெயர் வைத்த ஜனங்கள் நாங்கள் என்று எழுதியிருந்தாள். பிறகு டாலஸை ஒட்டி அவர்கள் முன்பு இருந்த இர்விங் வந்தது. ஆகஸ்ட் மாதம், நூற்றைந்து டிகிரி, இரண்டாம் மாடி அபார்ட்மெண்ட். ஏசி உயிரை விட்டுவிட்டது. எட்டு மாதம் கடந்த வயிற்றோடு அம்மா பால்கனியில் உட்கார்ந்து இரண்டு காலையும் வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறாள். அப்பா டவலை நனைத்து நனைத்து அவள் தோளில் போடுகிறார். பொழுது சாயும் நேரத்தில், ஃப்ரீவே இருந்த பக்கத்திலிருந்து ஒரு காற்று. வயிற்றில் இருந்த குழந்தை ஓங்கி ஒரு உதை விடுகிறது. "தெக்க இருந்துதான் வருது" என்கிறார் அப்பா. "அப்பப் பேரு கெடைச்சிருச்சு" என்கிறாள் அம்மா. 'பிறக்கும் முன்பே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்; இந்த நாட்டில் எனக்கு முதலில் கிடைத்த சொத்து அதுதான்' என்று முடித்திருந்தாள்.

வெங்காயம் அடி பிடித்துவிட்டது. புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை.

அந்தக் கதையில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வாளியும் நிஜம், டவலும் நிஜம், காற்றும் நிஜம், உதையும் நிஜம். உதைத்தது மட்டும் இவள் இல்லை. இவளுக்கு மூத்தவள் ஒருத்தி. அவளுக்குத்தான் தென்றல் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வாரம் வயிற்றுக்குள் இருந்தபடியே அந்தப் பெயரைக் கேட்டாள். பிறந்து மூன்று நாள் கேட்டாள். இதயம் சரியாக வளரவில்லை, போய்விட்டாள். பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கமில்லை, புதைக்கத்தான் வேண்டும். இர்விங் பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டத்தில், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய மூலையில் புதைத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து இவள் பிறந்தாள். பெயரும் அதுவே, பெயர் வந்த கதையும் அதுவே. கதை சொல்லு கதை சொல்லு என்று நாலு வயதில் மடியில் ஏறி நச்சரித்தவளுக்கு வேறெந்தக் கதையைச் சொல்வது? புஷ்பவல்லி அதையே சொன்னாள். சொல்லும்போது நெஞ்சுப் பாரம் இறங்கி லேசாகும், அதனால் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைக்கு இவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், தான் ஒருத்தியின் இடத்தை நிரப்ப வந்தவள் என்று நினைத்துக்கொள்ள மாட்டாளா என்ற பயம் பதினேழு வருஷமாகக் கூடவேதான் இருந்தது. பயந்துகொண்டே சொன்னாள்.

"நல்லா இருக்கு கண்ணு. ரொம்ப நல்லா இருக்கு."

"ஒரு டவுட்டும்மா. அன்னிக்கு எத்தன டிகிரினு கரெக்டாப் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்னு கவுன்சிலர் கமெண்ட் போட்டிருக்காங்க. நான் வெதர் ரெக்கார்டு எல்லாம் தேடினேன்."

"அதெல்லாம் எதுக்கு? நூத்தஞ்சுன்னே இருக்கட்டும்."

"இல்லம்மா, கேளு. நான் மார்ச்ல பொறந்தேன். அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல நீ ரெண்டு மாசம்தானே? எட்டு மாச வயிறு எப்படி? நான் எப்படி உதைப்பேன்?"

பாருங்கள், பதினேழு வருஷம் யாரும் போடாத கணக்கு. சொன்னவளும் போடவில்லை, கேட்டவளும் போடவில்லை. எங்கோ ஒரு கவுன்சிலர் ஒற்றை வரி எழுதிப் போட்டதில் எல்லாம் வெளியே வந்து நின்றது.

"மாசம் சரியா ஞாபகமில்ல சாமி. பிப்ரவரியா இருக்கும்."

"பிப்ரவரில எதுக்கும்மா ஏசி?"

புஷ்பவல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருகின வெங்காயத்தை வேண்டுமென்றே கிளறினாள். அந்த நேரம் பார்த்தா வேலுமணி உள்ளே வர வேண்டும்? பின்பக்கம் புல் வெட்டிவிட்டு, சட்டையெல்லாம் வேர்வையாக வந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.

"அப்பா, இர்விங் அபார்ட்மெண்ட்ல ஏசி ரிப்பேர் ஆச்சுல்ல, அது எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ஆறு. ஆகஸ்ட் இருபத்தொம்பது, செவ்வாக்கெழமை."

தன் போன் நம்பரைச் சொல்வதைப்போலச் சொன்னான். மளிகைச் சாமான் நாலு சொல்லி அனுப்பினால் இரண்டை மறந்துவிட்டு வருகிற மனுஷன். கல்யாண நாளைக் கேட்டால் ஒரு விநாடி யோசிப்பான். இதற்கு யோசிக்கவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் மனைவியின் முதுகைப் பார்த்தான். பாட்டிலைக் கீழே வைத்தான்.

"நான் ரெண்டாயிரத்து எட்டுப்பா" என்றாள் தென்றல்.

புஷ்பவல்லி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா கண்ணு. மூணு நாளு இருந்தா. ஹார்ட்டு சரியில்ல, போயிட்டா."

தென்றலின் முகத்தில் முதலில் வந்தது இரக்கம்தான். அதையும் சொல்ல வேண்டும். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். "ஓ மை காட், அம்மா. ஏன் சொல்லவே இல்ல?" என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வாக்கிலேயே கேட்டாள்.

"அவ பேரு என்னம்மா?"

வேலுமணி தரையைப் பார்த்தான். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஊமையாக நிற்பதை மாறி மாறிப் பார்த்த பெண், தானாகவே கண்டுகொண்டது. கை தோளிலிருந்து இறங்கியது.

"அப்ப இது அவ பேரு."

"உனக்கும் அதே பேரத்தான் வெச்சோம் சாமி..."

"எனக்கு வெக்கலம்மா. அவளுது மிச்சம் இருந்துச்சு. குடுத்துட்டீங்க." அதற்குமேல் தமிழ் வரவில்லை, இங்கிலீஷுக்குத் தாவினாள். அந்தக் கதை, அந்தக் காற்று, அந்த உதை எல்லாமே அவளுடையதா, என்னுடையது என்று இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்று கத்தினாள். ஆல்பத்தில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேனே, அந்த ஸ்வெட்டரும் அவளுக்கு வாங்கியதா என்று கேட்டாள். புஷ்பவல்லி ஆமாம் என்று தலையை அசைத்தாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்ல அன்றைக்கு உடம்பில் தெம்பில்லை.

"எனக்குனு ஒரு பேரு யோசிக்கக்கூட இல்லயா?"

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த வேலுமணி, "உனக்குனு ஒரு பேரு இருக்குது பாப்பா" என்றான்.

"ஏனுங்க, அது வேண்டாம்" என்று பதறினாள் புஷ்பவல்லி.

"இல்ல புஷ்பா, பாப்பா கேக்குது. சொல்லிரலாம்."

கொங்குப் பக்கம் பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பழக்கம். மூத்த பிள்ளை தங்காமல் போனால் அடுத்ததற்கு நல்ல பெயர் வைக்கப் பயப்படுவார்கள். பிறந்ததைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தி, யாரோ வீசியெறிந்ததை எடுத்து வருவதுபோல எடுத்து வந்து, குப்பன், குப்பாயி, பிச்சை என்று ஏதாவது வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

இவள் பிறந்த இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் பர்த் சர்டிபிகேட்டுக்கு ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "வேற பேரு பாக்கலாம் புஷ்பா, இது வேற பாப்பா" என்றுதான் வேலுமணி சொன்னான். அவள் கேட்கவில்லை. அதையே எழுதுங்கள் என்று ஒரே பிடியாக நின்றாள். எழுதினான். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன் அம்மா அந்தப் பக்கத்தில் அலறினாள். "போனவ பேரையா வெச்சீங்க? இதையுங் கூட்டிட்டுப் போயிருவாளேடா!" அந்த ஒரு வார்த்தையில், இன்ஜினியருக்குப் படித்த இவர்கள் இரண்டு பேரும் ஆடிப்போனார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, மார்ச் மாதக் குளிரில், வேலுமணி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினான். அபார்ட்மெண்டில் குப்பைமேட்டுக்கு எங்கே போவது? கார் நிறுத்துமிடத்தின் கோடியில் பெரிய பச்சை இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் சிமெண்டில் ஒரு டவலை விரித்து அதன் மேல் குழந்தையைக் கிடத்தினான். குனிந்து காதில் மூன்று தரம் "குப்பாயி" என்று சொன்னான். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு போனை எடுத்துவிட்டாள். அவன் வாரி எடுத்துக்கொண்டு, டயப்பர் போட வந்தேன், கை தவறி டயப்பர் விழுந்துவிட்டது, அதைத்தான் எடுத்தேன் என்று என்னென்னவோ உளறினான். புஷ்பவல்லி மேலே பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா போலீசைக் கூப்பிட்டிருந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எதற்குப் பயந்து அதைச் செய்தார்களோ, அதுவே வேறு வழியில் நடந்திருக்கும்.

வேலுமணி இதையெல்லாம் நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தான். அவனுக்கு அதற்குமேல் பேச வராது.

"குப்பாயினா?" என்று கேட்டாள் மகள். அவளுக்குத் தெரியும். டிராஷ் எடுத்துப் போடு என்பதற்கு அந்த வீட்டில் தினமும் சொல்வது 'குப்பை' என்ற வார்த்தையைத்தானே. இருந்தாலும் கேட்டாள்.

"குப்பைன்னுதான் அர்த்தம்" என்றான் அப்பா.

"வாவ்." சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்கவில்லை. "அவளுக்குக் காத்து. எனக்குக் குப்பை."

"உன்னையக் காப்பாத்தோணும்னுதான்டி சாமி! ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உன் காதுல அந்தப் பேரத்தான் சொன்னேன். பல்லு மொளைக்கறப்போ, நிமோனியா வந்தப்போ..."

"அப்ப ஏன்மா அவ பேர எனக்கு வெச்ச? அப்பா வேண்டாம்னாரில்ல?"

புஷ்பவல்லி உட்கார்ந்துவிட்டாள். மேடையின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அது. அவள் வாயில் உண்மைதான் வந்தது.

"கூப்புடோணும்னு ஆசையா இருந்துச்சு. மூணு நாள்ல எத்தன தடவ கூப்புட்டிருப்பேன்? ஆஸ்பத்திரில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். அவ போனதுக்கப்பறம் அந்தப் பேரு வாயிலயே நின்னு போச்சு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. நீ பொறந்தே. கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு ஆளு கெடைச்சிருச்சுன்னு வெச்சுட்டேன்."

"அப்ப என்னைக் கூப்பிடறப்ப எல்லாம் அவளக் கூப்பிட்டியா?"

"மொத வருஷம். அப்பறம் நீதான் கண்ணு."

"அப்பறம் ஒரு தடவகூட இல்லயா?"

புஷ்பவல்லி மேடையில் சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். மகள் அதைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கீழே இருந்தவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அறையிலேயே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஒரே ஒருமுறை, அவளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். வேலுமணி இடத்தைச் சொன்னான். செப்டம்பர் மாதம் டாலஸில் ஆபீஸ் வேலை என்று வருஷாவருஷம் மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணிப் போவது அங்கேதான் என்றான். புஷ்பவல்லிக்கும் அது புதுச் செய்தி. அவளையும் ஆபீஸ் வேலை என்றே நம்ப வைத்திருந்தான். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மகள் மாட்டேன் என்றாள். கல்லறையில் ஒரு உலோகத் தகட்டில் தன் பெயரையும் அதற்குக் கீழே செத்த தேதியையும் நின்று பார்க்கத் தன்னால் முடியாது என்றாள்.

கட்டுரையை அழித்துவிட்டாள். அதற்குப் பதிலாக ரோபோட்டிக்ஸ் கிளப்பில் தோற்ற கதையை எழுதி அனுப்பினாள். முதல் கட்டுரை அவ்வளவு அழகாக இருந்ததே, ஏன் மாற்றினாய் என்று பின்னால் கவுன்சிலர் கேட்டாராம். அதில் இருந்த தகவல் தப்பு என்று மட்டும் பதில் எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் கீழே இறங்கி வந்தாள். அழுது வீங்கின முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது. மாடியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள் போல.

"பாஸ்போர்ட், ஸ்கூல், எல்லாத்துலயும் இதான் பேரு. அதை இனி மாத்த முடியாது. வெளிய இருக்கட்டும். வீட்ல நீ அந்தப் பேர் சொல்லி என்னைக் கூப்பிடாத."

"பின்ன எப்பிடிக் கூப்புடறது?"

"எனக்கு வெச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல."

"அதெல்லாம் ஒரு பேரா சாமி? நாலு பேரு கேட்டா..."

"கேக்கட்டும். அது மட்டும்தான் எனக்காக வெச்சது. நான் சாகக்கூடாதுன்னு வெச்சது. இன்னொண்ணு உனக்காக வெச்சது."

வேலுமணிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் மகளைப் பாப்பா என்றேதான் கூப்பிடுவான். பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் அவளைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதில்லை என்பது புஷ்பவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அந்தப் பெயரைத் தொடாமலே இருந்திருக்கிறான். தான் மட்டும்தான் மாடிப்படிக்குக் கீழே நின்றும், பார்க்கில் நின்றும், பாத்ரூம் கதவைத் தட்டியும், ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிட்டுத் தீர்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்ட்டு வரேன் என்று பொதுவாகச் சொன்னாள். கராஜ் கதவு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தால் சாப்பாட்டு டப்பா மேடையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கார் பின்வாக்கில் தெருவரைக்கும் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. பழகின வாய், என்ன செய்யும்? முதல் எழுத்து உதட்டுக்கே வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். கார் திரும்புகிறது. இப்போது கூப்பிடாவிட்டால் போய்விடும்.

"குப்பாயி!"

தெருவே கேட்கக் கூப்பிட்டாள். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. மகள் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை; கோபமாகவும் இல்லை. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள், பார்க்கிறது தன்னைத்தானா என்று சரிபார்ப்பதுபோல. "தேங்க்ஸ்மா" என்றாள். போய்விட்டாள்.

புஷ்பவல்லி வெறுங்காலோடு டிரைவ்வேயில் நின்றாள். இனிமேல் அந்த இன்னொரு பெயரைச் சொல்லி இந்த வீட்டில் அவள் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. இத்தனை வருஷமும் நூறு தரம் கூப்பிட்டு நூறு தரமும் பதில் வாங்கி, ஒருத்தியை அவள் சாகவிடாமல் வைத்திருந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றவள், அன்றைக்குத்தான் மூத்த மகளுக்காகத் தரையில் விழுந்து, வாய்விட்டு, பெயர் சொல்லி அழுதாள்.